அந்த வண்டி எங்கே போகுது?

மேனாம்பேட்டில் இருப்பவர்களுக்கு சைரன் சத்தம் புதுசு இல்லை. ஒரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட், இன்னொரு பக்கம் ஆவடி. 1960-களில் ஆரம்பித்த எஸ்டேட், ஆயிரம் ஏக்கருக்கு மேல். பெயின்ட், ரப்பர், பிளாஸ்டிக், பிரஸ் ஷாப், முலாம் பூசுகிற பட்டறை என்று எரியக்கூடியது எல்லாம் அங்கே உண்டு. மத்தியானம் ஒரு தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு போகும். பின்னாலேயே இன்னொன்று. தெருவில் இருக்கிற எல்லாரும் மொட்டைமாடிக்கு ஏறுவார்கள். தூரத்தில் கறுப்புப் புகை.

அடுத்த பத்து நிமிஷத்தில் டீக்கடையில் நாலு செய்தி ரெடி. பாய்லர் வெடித்துவிட்டது. இல்லை இல்லை, டயர் குடோன். கேஸ் லீக்காம், ஜன்னலை மூடணுமாம். கடைசியில் பார்த்தால் காலி மனையில் யாரோ குப்பையைக் கொளுத்தியிருப்பார்கள். ஆனால் ஒரு நாள் நிஜமாகவே அது கெமிக்கல் குடோனாக இருக்கும். அந்த எஸ்டேட்டில் அப்பா ஷிப்டில் இருக்கிற வீட்டுக்கு, அந்தப் பத்து நிமிஷம் பத்து நிமிஷம் இல்லை. செல்லில் கூப்பிட்டால் ரிங் போகும், மெஷின் சத்தத்தில் அவர் எடுக்க மாட்டார்.

இதே நிலைமையில் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர்க்காரர் என்ன செய்கிறார் தெரியுமா? போனை எடுத்து ஒரு பட்டனை அழுத்துகிறார். அந்த ஊர் தீயணைப்பு நிலையத்தின் வயர்லெஸ் பேச்சு அப்படியே காதில் விழுகிறது. எந்தத் தெரு, என்ன தீ, எத்தனை வண்டி, உள்ளே ஆள் இருக்கிறார்களா... எல்லாம்.

இது அரசாங்கம் தருகிற வசதி என்று நினைத்தால் தப்பு. பெரும்பாலும் அந்த ஊரிலேயே யாரோ ஒருத்தர், சம்பளம் இல்லாமல், தன் வீட்டில் ஒரு ஸ்கேனர் ரேடியோவையும் பழைய கம்ப்யூட்டரையும் 24 மணி நேரமும் ஓடவிட்டிருக்கிறார். ஸ்கேனர் என்பது வயர்லெஸ் சேனல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய், யாராவது பேசினால் அங்கே நிற்கிற ரிசீவர். பேச முடியாது, கேட்க மட்டும்தான். அதன் சத்தத்தை கம்ப்யூட்டருக்குள் விட்டு, அங்கிருந்து பிராட்காஸ்டிஃபை மாதிரியான தளத்துக்கு அனுப்பிவிட்டால் உலகமே கேட்கலாம். அங்கே ஊர்க்காரர்கள் கேட்பது வேடிக்கைக்கு மட்டும் இல்லை. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு மேல் சம்பளமில்லாத தொண்டர்கள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அழைப்பு வரும், தட்டை வைத்துவிட்டு ஓடுவார்கள். அந்த வீட்டில் மிச்சம் இருப்பவர்கள் ஸ்கேனர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, இப்படி ஒருத்தர் வாங்கி வைத்த முதல் நாள் என்ன நடக்கும்? கரகரகர. நடுவில் அரை வார்த்தை. மறுபடியும் கரகர. உடனே எல்லாரும் செய்கிற முதல் காரியம், இன்னும் விலை கூடின செட் வாங்குவது. அதிலும் அதே கரகரப்பு, கொஞ்சம் பெரிய டிஸ்ப்ளேயோடு.

கோளாறு செட்டில் இல்லை. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை. ரூபவாஹினியை ஞாபகம் வைத்திருக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, நம் தென்கரையில் இருந்தவர்கள் அதைப் பிடிக்க என்னவெல்லாம் செய்தார்கள்! டிவியை யாரும் மாற்றவில்லை. இரும்புக் குழாயை நீட்டினார்கள். குழாய்க்கு மேல் குழாய் சொருகி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் ஆன்டெனா. ஒருத்தர் மேலே நின்று திருப்ப, ஒருத்தர் கீழே டிவி முன்னால் "வருது... வருது... போச்சு... கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று கத்த... ஸ்கேனர்க்காரர்கள் இன்றைக்குச் செய்வதும் இதையேதான். கத்துவதற்குப் பதிலாக போனில் பேசிக்கொள்கிறார்கள்.

முதலில் உயரம். தீயணைப்பு வயர்லெஸ் பெரும்பாலும் ஓடுகிற விஹெச்எஃப், யுஹெச்எஃப் அலைகள் ஏறக்குறைய டார்ச் வெளிச்சம் மாதிரி. நேர்க்கோட்டில் போகும், பூமி வளைகிற இடத்தில் விட்டுவிடும். ஒரு கணக்கு உண்டு. ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரமோ, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அதன் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 9 மீட்டர் உயர மொட்டைமாடியில் வைத்தால் 12 கிலோமீட்டர் சொச்சம். எதிர்ப்பக்கத்து டவர் 49 மீட்டர் என்றால் அதன் பங்கு 29 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 41. அந்தத் தூரத்துக்குள் மலையோ அபார்ட்மென்டோ குறுக்கே வராத வரைக்கும் பேச்சு வரும்.

ரூபவாஹினியின் டவர் பிதுருதலாகல மலையில் இருந்தது. இலங்கையிலேயே உயரமான மலை, 2,524 மீட்டர். கணக்குப் போட்டால் அதன் அடிவானம் மட்டுமே 207 கிலோமீட்டர். ராமேஸ்வரம் அங்கிருந்து 300 கிலோமீட்டர், தூத்துக்குடி அதைவிடவும் தள்ளி. அப்புறம் எப்படி வந்தது? கடல்தான் காரணம். கடல் மேல் சூடான காற்றும் ஈரக்காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது, அலை நேரே வானத்துக்குப் போகாமல் குழாய்க்குள் ஓடுகிற தண்ணீர் மாதிரி வளைந்து வந்துவிடும். சில ராத்திரிகளில் பளிச்சென்று, சில ராத்திரிகளில் வெறும் புள்ளி. காற்றை நம்பி சீரியல் பார்த்த தலைமுறை அது.

இரண்டாவது, ஆன்டெனா. செட்டோடு வருகிற ரப்பர் குச்சி சட்டைப்பையில் வைக்க வசதியானது, அவ்வளவுதான். ஒரு சேனலை ஒழுங்காகக் கேட்க அந்தச் சேனலுக்கு அளந்து வெட்டிய கம்பி வேண்டும். உதாரணத்துக்கு, அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத் தீயணைப்பு நிலையங்கள் ஒன்றுக்கொன்று உதவிக்கு அழைத்துக்கொள்ளும் பொதுச் சேனல் 154.265 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ அதனால் வகுத்தால் அலைநீளம் 1.94 மீட்டர். அதில் கால்பாகம் 48.6 சென்டிமீட்டர். கம்பிக்குள் அலை கொஞ்சம் மெதுவாகப் போவதால் ஒரு அஞ்சு சதவீதம் கழித்தால் 46. நட்டநடுவில் 46 சென்டிமீட்டர் கம்பி ஒன்று செங்குத்தாக, அதன் அடியில் சாய்வாக நாலு கம்பி, குடையைத் திருப்பி வைத்த மாதிரி இல்லாமல் நேராக விரித்த மாதிரி. நடுக்கம்பி கேபிளின் உள் செம்புக்கு, நாலு கம்பியும் வெளி வலைக்கு. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. கடையில் வாங்கும் குச்சிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டால்தான் தெரியும்.

இங்கே ரூபவாஹினி அனுபவம் காலை வாரிவிடும் ஒரு இடம் உண்டு. டிவி ஆன்டெனாவின் குச்சிகள் தரைக்குப் படுக்கை வசத்தில் இருக்கும், ஏனென்றால் டிவி அலையை அனுப்புவது பெரும்பாலும் அந்த வாக்கில். வண்டியின் கூரையிலும் இடுப்பிலும் இருக்கிற வயர்லெஸ் குச்சிகளோ நிமிர்ந்து நிற்பவை. அலையும் அப்படியே வரும். படுத்த ஆன்டெனாவில் நிமிர்ந்த அலையைப் பிடித்தால் நூறில் ஒரு பங்குகூட மிஞ்சாமல் போகலாம். பழைய டிவி ஆன்டெனாவை அப்படியே மாட்டிவிட்டு "ஒண்ணுமே வரலையே" என்று தலையில் கை வைத்தவர்கள், அதைத் தொண்ணூறு டிகிரி திருப்பி நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்றாவது கேபிள். எல்லாரும் கோட்டைவிடுவது இதில்தான். ஆன்டெனாவுக்குப் பணம் செலவழிப்பார்கள், கேபிளை பழைய சாமான் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். ஆர்ஜி-58 என்று ஒரு மெல்லிசான கேபிள் உண்டு. அதில் 30 மீட்டர் இழுத்தால் இந்தச் சேனல்களில் 6 டெசிபல் போய்விடும். டெசிபலைக் கண்டு பயப்பட வேண்டாம். 3 போனால் பாதி, 6 போனால் பாதியில் பாதி. மேலே நாலு ரூபாய் பிடித்தால் கீழே வந்து சேருவது ஒரு ரூபாய். வழியிலேயே முக்கால்வாசியைச் செலவு எழுதிவிட்டு, லாபம் வரவில்லை என்று செட்டைத் திட்டினால் எப்படி? எல்எம்ஆர்-400 என்கிற தடித்த கேபிளில் அதே தூரத்துக்கு ஒன்றரை டெசிபல்தான் நஷ்டம், விலைதான் அதிகம். ஏழைக்கேற்ற எள்ளுருண்டை, டிஷ்ஷுக்கும் கேபிள் டிவிக்கும் போடுகிற சாதா ஆர்ஜி-6. பாதிக்கு மேல் கீழே வந்துவிடும், எந்தக் கடையிலும் கிடைக்கும். அது 75 ஓம், செட் 50 ஓம் என்று சில பேர் சண்டைக்கு வருவார்கள். பேசுகிற ரேடியோவுக்கு அது கவலை. கேட்க மட்டும் செய்கிற ரேடியோவுக்கு அந்த நஷ்டம் தூசு.

அப்புறம் பூஸ்டர். ரூபவாஹினி பார்த்த வீடுகளில் பூஸ்டர் எங்கே இருந்தது? விவரம் தெரிந்த வீட்டில் குழாயின் உச்சியில், ஆன்டெனாவுக்கு அடியில். தெரியாத வீட்டில் டிவி பக்கத்தில், சாமி படம் மாதிரி. டிவி பக்கத்தில் வைத்த பூஸ்டர், கேபிளில் ஏற்கெனவே தேய்ந்து போன சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும். உச்சியில் வைத்தால் தேய்வதற்கு முன்னாலேயே தூக்கிவிடும். ஸ்கேனருக்கும் இதே விதிதான்.

ஆனால் சென்னை மாதிரி ஊரில் பூஸ்டர் வேறொரு வம்பைக் கொண்டுவரும். 88-லிருந்து 108 வரை எஃப்எம் ஸ்டேஷன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் பலத்துக்கு முன்னால் ஒரு வாக்கி டாக்கி என்பது கல்யாண மண்டபத்து மேளத்துக்கு நடுவில் முணுமுணுக்கிற தாத்தா. பூஸ்டர் இரண்டையும் சேர்த்தே ஏற்றும். ரிசீவரின் உள்ளே எஃப்எம் ஸ்டேஷன்கள் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத இடத்திலெல்லாம் பாட்டு கேட்கும். தீயணைப்புச் சேனலில் சினிமாப் பாட்டு! அமெரிக்க நகரங்களிலும் இதே கதைதான், பாட்டு மட்டும் வேறே. மருந்து, எஃப்எம் அலைகளை மட்டும் தடுக்கிற ஒரு சின்ன ஃபில்டர். அதை பூஸ்டருக்கு முன்னால் போட வேண்டும், பின்னால் போட்டால் திருடன் உள்ளே வந்தபிறகு கதவைப் பூட்டிய மாதிரி.

இரைச்சலுக்கு வீட்டுக்குள்ளேயும் ஆள் உண்டு. மலிவு எல்இடி பல்பு, செல் சார்ஜர், இன்வெர்ட்டர், எல்லாம் சத்தமில்லாமல் ரேடியோ சத்தம் போடுகிறவை. எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. ரிசீவரை பேட்டரியில் ஓடவிட்டு, மெயினை அணைத்துவிட வேண்டும். கரகரப்பு நின்றால் திருடன் வீட்டுக்குள். அப்புறம் ஸ்விட்ச் பாக்ஸ் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். பல சமயம் பிடிபடுவது அந்த நேரலைக்காக வாங்கி வைத்த கம்ப்யூட்டரேதான் என்பது இதில் உள்ள நகைச்சுவை. இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலே நிறைய குறையும்.

சத்தத்தை கம்ப்யூட்டருக்குள் விடும்போது "ம்ம்ம்ம்" என்று ஒரு உறுமல் வரும். ரேடியோவும் கம்ப்யூட்டரும் வெவ்வேறு வழியில் எர்த் ஆகும்போது வருவது அது. நடுவில் சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போட்டால் போய்விடும். ஒலித்தரத்தை ஏற்றுவதில் அர்த்தம் இல்லை. வயர்லெஸ் பேச்சுக்கு மோனோவில் 16 கேபிபிஎஸ் போதும். அதுவே ஒரு நாளைக்கு 173 எம்பி, மாசத்துக்கு 5 ஜிபி சொச்சம்.

இத்தனையும் செய்தவருக்கும் ஒரு நாள் ஊரில் டிஜிட்டல் வரும். டிஜிட்டலில் கரகரப்பே கிடையாது. ஒன்று தெளிவாக வரும், இல்லை வரவே வராது. அதிலும் ஒரு விசித்திரம்: ஒரே பேச்சை நாலைந்து டவர்கள் ஒரே சேனலில் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை உண்டு. உயரமான ஆன்டெனா அத்தனை டவரையும் பிடிக்கும். ஒவ்வொன்றும் இம்மி நேரம் முன்னே பின்னே வந்து சேர்வதால் ஸ்கேனர் குழம்பிப் போய் வார்த்தைகளைக் கடித்துத் துப்பும். அங்கே மருந்து தலைகீழ். ஆன்டெனாவை இறக்கு, ஒரே ஒரு டவரை மட்டும் பார்க்கிற மாதிரி திருப்பு. குழாய் மேல் குழாய் சொருகிய நம்ம தூத்துக்குடிக்காரர் இதைக் கேட்டால் நம்பவே மாட்டார்.

கேட்பது என்பது பொழுதுபோக்கு மாதிரி தோன்றலாம். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று அது பொழுதுபோக்காக இல்லை. 1993-ல் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்தபோது அந்த உயரக் கட்டடங்களுக்குள் தீயணைப்பு வீரர்களின் வாக்கி டாக்கி எடுபடவில்லை. அதனால் சிக்னலை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை அங்கே வைத்தார்கள். செப்டம்பர் 11 காலை அந்த ரிப்பீட்டரை ஆன் செய்தபோது இரண்டு பட்டன்களில் ஒன்று மட்டும் அழுத்தப்பட்டிருந்தது. அதிகாரிகள் கீழே நின்று சோதித்துப் பார்த்தார்கள், கைப்பேசியில் சத்தம் வரவில்லை, ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை என்று முடிவு செய்து வடக்குக் கோபுரத்தில் அதை விட்டுவிட்டார்கள். விசாரணைக் கமிஷன் அறிக்கையில் இது விவரமாக இருக்கிறது. வடக்குக் கோபுரத்தில் இருந்த பல வீரர்களுக்கு இறங்கச் சொன்ன உத்தரவு காதில் விழவே இல்லை. அன்று நியூயார்க் தீயணைப்புத் துறையில் இறந்தவர்கள் 343 பேர். எல்லாருடைய சாவுக்கும் ரேடியோ காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பட்டன் என்பது ஒரு பட்டன்தான்.

எல்லாரும் கேட்பதிலும் ஆபத்து உண்டு. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, குற்றவாளிகளைத் தேடிய ராத்திரியில், ஊர் உலகமே போலீஸ் ஸ்கேனரைக் கேட்டது. கேட்டதை எல்லாம் அப்படியே ட்விட்டரில் போட்டது. போலீஸ் எந்தத் தெருவில் நிற்கிறது என்பதும் அதில் சேர்த்தி. போடாதீர்கள் என்று போலீஸே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. சிகாகோ போலீஸ் 2022-ல் ஒரு வழி செய்தது. பேச்சை ரகசியமாக்கிவிட்டு, பொதுமக்களுக்கு 30 நிமிஷம் தாமதமாகக் கொடுத்தது. பத்திரிகைக்காரர்கள் திட்டினார்கள். போலீஸுக்கு அது நியாயமா என்பது வேறு விவாதம், ஆனால் தீக்கு அரை மணி என்பது அநியாயம். புகை ஜன்னலுக்குள் வந்த பிறகு ஜன்னலை மூடு என்று சொல்லி என்ன பயன்?

இப்போது மேனாம்பேட்டுக்குத் திரும்பலாம். இங்கே ஒருத்தர் 46 சென்டிமீட்டர் கம்பி வெட்டி, ஆர்ஜி-6 இழுத்து, எஃப்எம் ஃபில்டர் போட்டு, தீயணைப்பு வயர்லெஸைக் கேட்டு ஊருக்கு ஒலிபரப்பலாமா?

கூடாது. சட்டப்படி கூடாது.

இந்த நாட்டில் ரேடியோவைக் கேட்பதே ஒரு காலத்தில் லைசென்ஸ் சமாச்சாரம். வீட்டு ரேடியோவுக்கே தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி சின்னப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள் தாத்தாக்கள். அது ரத்தானது 1980-களின் நடுவில்தான். ஆனால் அது பொது ஒலிபரப்புக்கு மட்டும் கிடைத்த விடுதலை. 1933-ல் வெள்ளைக்காரன் போட்ட வயர்லெஸ் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவியைக் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2023-ல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அடுத்தவர் பேச்சை அனுமதியில்லாமல் இடைமறித்தால் 3 வருஷம் வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கிலாந்திலும் தீயணைப்பு, போலீஸ் பேச்சைக் கேட்பது குற்றம்தான். அமெரிக்காவில் கேட்கலாம். அங்கேயும் பழைய செல்போன் பேச்சு ஓடிய அலைவரிசையைப் பிடிக்கிற ஸ்கேனரை 1994-லிருந்து தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது.

2012 வாக்கில் ஒரு கூத்து நடந்தது. கம்ப்யூட்டரில் சொருகி டிவி பார்க்கிற மலிவு யுஎஸ்பி ட்யூனரை, கொஞ்சம் சாஃப்ட்வேரோடு, பல அலைவரிசைகளைக் கேட்கிற ரிசீவராக மாற்றலாம் என்று கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், காலேஜ் லேபில்கூட இருக்கிறது. பெட்டி கிடைக்கிறது என்பதால் எதையும் கேட்கலாம் என்று ஆகாது. "யாருக்குத் தெரியப் போகுது" என்பவர்கள் தனியாகக் கேட்டால் தெரியாமல் போகலாம். நெட்டில் நேரலை விட்டால் தெரியாமல் போக வழியே இல்லையே.

சட்டத்தை விட்டுவிட்டு யோசித்தாலும் இங்கே ஒரு சிக்கல். தீ என்றால் நம் ஊரில் கூட்டம் கூடும். 2017 மே 31 அன்று தி.நகரில் சென்னை சில்க்ஸ் எரிந்தபோது டிவியில் நேரலை, தெருவில் ஜனம். தண்ணி லாரி உள்ளே நுழைய வழி வேண்டுமே! எஸ்டேட் ரோடு சாதாரண நாளிலேயே லாரியால் அடைந்து கிடக்கும். எந்தக் கம்பெனி எரிகிறது என்று முகவரியோடு நேரலை விட்டால் முதலில் போய்ச் சேருவது தீயணைப்பு வண்டியா, செல்போன் பிடித்த பைக்கா? இந்தக் கேள்விக்கு அம்பத்தூர்க்காரர்கள் நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்வது நல்லது.

ஆனாலும் அப்பா ஷிப்டில் இருக்கிற அந்த வீட்டின் கவலை இதனால் எல்லாம் குறைந்துவிடாது. அவர்களுக்கு வயர்லெஸ் பேச்சு முழுசும் தேவையில்லை. "எஸ்டேட், இன்ன வரிசை, பிளாஸ்டிக் குடோன், ஆட்களை வெளியேற்றியாச்சு, வடக்குப் பக்கம் ஜன்னலை மூடுங்க" என்று நாலு வரி போதும். அதைத் தீயணைப்புத் துறையே ஒரு மெசேஜாகவோ ட்வீட்டாகவோ உடனுக்குடன் போட்டால் ஆன்டெனாவும் வேண்டாம், பூஸ்டரும் வேண்டாம். புயல் வரும்போது செல்லுக்கு அலறிக்கொண்டு எச்சரிக்கை வருகிறதே, அதே வழியில் ஒரு வட்டாரத்துக்கு மட்டும் அனுப்ப டெக்னாலஜி இருக்கிறது.

அந்த செல்லே படுத்துவிட்டால்? 2015 டிசம்பர் 1 ராத்திரி வெள்ளத்தில் பார்த்தாச்சு. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் மறுபடியும் பார்த்தாச்சு. மரத்தோடு கரன்ட் கம்பமும் சாய்ந்து, டவர்களின் பேட்டரியும் டீசலும் தீர்ந்து, கையில் இருந்த போன் வெறும் கடிகாரம் ஆன நாட்கள் அவை. அப்போதும் ஓடியது ரேடியோதான். சென்னை வெள்ளத்தில் ஹாம் ரேடியோக்காரர்கள் செய்தி கடத்தினார்கள். அதற்கும் முன்னால் 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. அந்தமானிலிருந்து உலகத்தோடு ஹாம் ரேடியோவில் பேசிப் பார்க்கிற பொழுதுபோக்குப் பயணம்தான். 26-ஆம் தேதி காலை பூமி ஆடியது, கடல் வந்தது, போன்கள் செத்தன. பொழுதுபோக்குக்குக் கட்டிய ஆன்டெனா வழியாக யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி மெயின்லேண்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு, அது கஷ்டமும் இல்லை. 12 வயசு ஆனால் போதும். தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு பரீட்சை வைக்கிறது. கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் விதிமுறை. கீழ்க்கிரேடுக்கு மோர்ஸ் கட்டுக் கடகடவும் தெரிய வேண்டியதில்லை. பாஸ் ஆனால் வியூ3 என்று ஆரம்பிக்கிற ஒரு அழைப்புப் பெயர், பேசவும் கேட்கவும் சட்டப்படி அனுமதி. தீயணைப்பு வயர்லெஸ் அப்போதும் கேட்கக்கூடாது, ஹாம் அலைவரிசை மட்டும்தான். ஆனால் எஸ்டேட் பற்றி எரிகிற நாளில் செல் படுத்துவிட்டால், ஆவடியில் ஒருத்தரும் பூந்தமல்லியில் ஒருத்தரும் மேனாம்பேட்டில் ஒருத்தரும் பேசிக்கொள்ள முடியும்.

உள்ளூர்ப் பேச்சுக்கு ஹாம்கள் பயன்படுத்தும் இடம் 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம். இல்லினாய் தீயணைப்புச் சேனலுக்கு வெட்டிய அதே குடை ஆன்டெனாதான், நடுக்கம்பி மட்டும் மூணு சென்டிமீட்டர் கூடுதல். 49 சென்டிமீட்டர். மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா கிடக்கும் வீடுகள் இந்தப் பக்கம் இன்னும் நிறைய. அதன் அலுமினியக் குழாயில் ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள், வெட்டினது போக மிச்சமே இருக்கும்.